வூட்டுக்கு ஒரு பொகை

அங்குலத்துக்கு எட்டுத் தையல் வேண்டும் என்றார். ஏழு இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார். இரண்டு றெக்கைக்கும் வாலுக்குமான பாப்ளின் துணி வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கிடந்தது. நான் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். கலீல் தரையில் குந்தி, ஸ்கேலை வைத்துத் தையலை எண்ணிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் பக்கத்தில் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அப்போதுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் துணிதான் அவரைத் தாங்கப்போகிறது என்பது மெதுவாகத்தான் புத்தியில் ஏறியது. அதற்கப்புறம் அவர் எண்ணிய தையலை நானும் இன்னொரு தடவை எண்ண ஆரம்பித்தேன்.

"ஏங்க, இது பிஞ்சா இன்னா ஆவும்?"

"நான் கீழ வருவேன்."

"வெளையாடாதீங்க."

"அதுக்குத்தான் எட்டு கேக்கறேன். தை."

கலீல் மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப்பில் ஏழு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ரிப்பேர் பார்த்த விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்க்கும்போது அங்கிருந்த பைலட்டுகள் அவரையும் ஏற்றிக்கொள்வார்கள். சில சமயம் ஓட்டவும் கொடுத்துவிடுவார்களாம். மாமனார் இறந்தபின் ஊருக்குத் திரும்பி, தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மெஷின் வேலைக்குச் சேர்ந்தார். சொந்தமாக ஒரு விமானம் கட்டும் ஆசை அங்கேதான் முற்றியது. ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்த மரப்பெட்டிகளை வீணாக்காமல் வாங்கி இழைத்து, றெக்கைக்குச் சட்டம் செய்தார். மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்றின் இன்ஜின் கிடைத்தது. மூன்றரை வருஷம் ஆனது. அரசாங்கத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டாமா என்று என் அண்ணன் அமீர் கேட்டபோது, "மூணு வாட்டி பறந்து பாத்துட்டு எழுதறேன் மச்சான். பறக்காததுக்கு எவன் அனுமதி குடுப்பான்?" என்று சிரித்தார்.

சமவெளியில் பறக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் பனைமரம், கிணறு, கரண்ட் கம்பி. தோல் ஷாப்புக்குக் கடுக்காய் கொண்டுவரும் லட்சுமணன்தான் இடம் சொன்னார். ஜவ்வாது மலைமேல் நெல்லிமேடு என்பது அவர் ஊர். சாமை அறுத்தபின் அவருடைய கொல்லை நிலம் நீளமாக, மட்டமாகக் கிடக்கும் என்றார். எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், கடுக்காய் ஏற்றப் போன காலி லாரியில் விமானத்தைப் பாகம் பாகமாகப் போட்டுக்கொண்டு ஆலங்காயம் வழியாக மேலே ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் நான் றெக்கையைப் பிடித்துக்கொண்டேன். லாரி உருண்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். உருண்டால் றெக்கை உடையும், நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

நெல்லிமேட்டில் மொத்தம் இருபத்தோரு வீடு. ஒரே இடத்தில் இல்லை. சரிவுக்கு ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு என்று சிதறிக் கிடந்தன. லட்சுமணனின் மாட்டுக் கொட்டகையில் பாதியை ஒழித்து விமானத்தைப் பாகம் சேர்த்துப் பூட்டினார்கள். மாடுகள் இரண்டு நாள் மிரண்டு தண்ணீர் குடிக்கவில்லை. நாங்கள் தங்கியதும் லட்சுமணன் வீட்டில்தான். அவர் மனைவி மாதம்மாள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நடக்கும்போதே பேசுவாள், பேசும்போதே வேலை செய்வாள். விடிவதற்குள் உரலில் சாமை குத்திப் புடைத்து வைத்துவிடுவாள். சாமைச் சோற்றுக்குப் பச்சை மொச்சைக் குழம்பு. பனியில் நடுங்கிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து அதைத் தின்றது இன்னும் நாக்கில் இருக்கிறது.

கொல்லையில் கல் பொறுக்க ஊரே வந்தது. நாலு நாள். சாமைத் தாள் காலைக் கிழிக்க, பெண்கள் முந்தானையில் கல்லை அள்ளிப் போய் வரப்பில் கொட்டினார்கள்.

"பாய், எங்க கோழிகூட கூரைமேல ஏறிப்புடும். உங்க வண்டி வரப்பு தாண்டுமா?" என்றார் லட்சுமணன்.

"உங்க கோழி முட்டை போடும். என் வண்டி போடாது. அவ்ளோதான் வித்தியாசம்."

"ஜோராக்கா, நீ ஏன் சிரிக்கவே மாட்டேன்ற?" என்றாள் மாதம்மாள். என் பெயர் ஜோஹரா. அவள் வாயில் ஜோராதான்.

"எனக்கு பயமா கீது மாதம்மா."

"தெச்சது நீதானே? உன் கைய நீயே நம்பலன்னா எப்டி?"

முதல் தடவை பறந்தது என்று சொல்ல முடியாது. கொல்லையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. நடுவில் ஆள் உயரத்துக்குச் சக்கரம் எழும்பி, மறுபடி தரையில் குதித்து நின்றது. ஊர்ச் சனம் ஓவென்று கத்தியது. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. குர்ஆனில் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஏழு தடவை ஓதி முடித்தபோது மாதம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "எறங்கிட்டாருக்கா, கண்ணத் தொற" என்றாள்.

இரண்டாம் தடவைக்கு முந்தைய நாள் கலீல் என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லையின் கிழக்கு முனைக்குப் போனார். அங்கே ஒரு வழுக்குப் பாறை. அதன்மேல் சுள்ளி அடுக்கினார். பக்கத்தில் பச்சைத் தழையைக் குவித்தார்.

"நான் மேல போனதும் பத்த வெச்சி தழையப் போடு. வெள்ளையா, தடியா எழும்பணும். அடுப்புப் பொகையெல்லாம் மேலருந்து தெரியாது. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வேணும், கேட்டியா? பனி எறங்கிச்சின்னா எனக்கு எல்லா மலையும் ஒரே மாதிரிதான். இந்தப் பொகைதான் எனக்கு எடம். இது சாயற பக்கம்தான் எனக்குக் காத்து. பக்கத்துல எவனாச்சும் குப்பை கொளுத்தினாலும் அணைக்கச் சொல்லிடு."

"சொல்றேன்."

சொன்னேனா என்றால், சொல்லவில்லை. அது யாரும் குப்பை கொளுத்துகிற காலமாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தடவை உண்மையாகவே பறந்தார். பதினொரு நிமிஷம். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அலாரம் கடிகாரத்தைப் பாறைமேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். மலையைச் சுற்றி வந்து, என் புகைக்கு நேராக இறங்கினார். இறங்கி வந்தவர் முகத்தில் கண்ணீரும் மூக்குச் சளியும் காற்றில் இழுபட்டுக் காய்ந்திருந்தன. "உன் பொகை ஊசி மாதிரி நின்னுச்சி ஜோஹரா" என்றார்.

அன்று களி கிளறிக்கொண்டே மாதம்மாள் கேட்டாள். "அந்தப் பொகை எதுக்குக்கா? கூப்பிடறதுக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் ஓய்ந்திருந்தது. காற்று, திசை என்றெல்லாம் விளக்கத் தெம்பில்லை. "ஆமா, கூப்பிடறதுக்குத்தான்" என்றேன்.

"எங்க ஊர்லயும் அதான். காட்டுக்குப் போனவங்க வந்து சேரலன்னா வூட்டுக்கு ஒரு பொகை போடுவோம். எம் மாமனாரு தேனெடுக்கப் போயி ரெண்டு நாளு வரல. இருவத்தோரு வூட்லயும் போட்டோம். மூணாம் நாளு நொண்டிக்கினே வந்துட்டாரு. ஒரு வூடு போடலன்னாலும் ஆவாது. அந்த வூடு கூப்பிடல, நான் ஏன் வரணும்னு நின்னுக்கும்."

"எது நின்னுக்கும்?"

"அவங்க காலு. வேறென்னா?"

மூன்றாம் தடவைதான் கடைசி என்று கலீல் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் பிரித்து லாரியில் ஏற்றிவிட வேண்டும். அது மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. விடியலில் ஃபஜர் தொழுதுவிட்டு, பழைய தோல் சட்டையைப் போட்டுக்கொண்டார். அரை மணி நேரம் பறப்பேன், ஐம்பது நிமிஷத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது என்றார். வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. லட்சுமணன் முன்னாலிருந்த மர விசிறியைப் பிடித்துச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. "பிஸ்மில்லா" என்று கலீல் சொன்னது சத்தத்தில் கேட்கவில்லை. உதடு அசைந்தது தெரிந்தது.

பாறைமேல் புகை போட்டேன். மாதம்மாள் தழை ஒடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மேற்கே போய்ப் புள்ளியாகி, முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தார். சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது.

இருபதாவது நிமிஷத்தில் பள்ளத்திலிருந்து பனி ஏற ஆரம்பித்தது. அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பால் பொங்கி வழிவதுபோல் ஓடையை நிரப்பி, மரங்களை மூடி, கொல்லையின் மேற்குப் பாதியைத் தின்றுவிட்டது. முகடுகள் மட்டும் மேலே நின்றன. என் புகை பனிக்குள் புகுந்து மேலே எங்கோ போனது. வெளியே வந்ததா என்று கீழிருந்து தெரியவில்லை.

முப்பது நிமிஷம் ஆனது. முப்பத்தைந்து.

சத்தம் தலைக்கு மேலே வந்தது. வந்து போனது. மறுபடி வந்தது. அவர் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நான் தழையைக் கை நிறைய அள்ளி நெருப்பில் போட்டேன். நெருப்பு அமுங்கிக் கரும்புகை வந்தது. ஊதினேன். ஊதிய வேகத்தில் கங்கு சிதறி என் முந்தானை பொசுங்கியதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, பாயி நம்மள கண்டுக்கலியே" என்றாள் மாதம்மாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "ஒண்ணு பத்தாதுக்கா. வூட்டுக்கு ஒண்ணு போடச் சொல்லட்டுமா?"

ஒண்ணே ஒண்ணு என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஞாபகம் இருந்தது. ஆனால் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்தச் சத்தம் தலைக்குமேல் அழுதுகொண்டிருந்தது. ஏதாவது செய்ய வேண்டும், இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்பது தவிர உடம்பில் வேறு எதுவும் இல்லை.

"சொல்லு" என்றேன். "எல்லாரையும் போடச் சொல்லு. சீக்கிரம்."

மாதம்மாள் பாறை உச்சியில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக் கூப்பிட்டாள். வார்த்தை இல்லை. நீளமான ஒரு ஊளை. அது ஓடையைத் தாண்டி, ஒரு வீட்டிலிருந்து பதில் வந்து, அங்கிருந்து அடுத்த சரிவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பனி கிழிந்த இடங்களில் புகை எழுந்தது. ஒன்று. மூன்று. ஆறு. எல்லாம் வெள்ளையாக, தடியாக. அவர்களும் பச்சைத் தழைதான் போடுவார்கள். அல்லா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், வந்துவிடுவார் என்று நினைத்தேன். நான் எண்ணிக்கொண்டுகூட இருந்தேன். இருபது வரை எண்ணினேன்.

சத்தம் எங்களை விட்டு விலகி வடக்கே போனது. இன்ஜின் அடங்கி, இறங்குகிற சத்தமாக மாறியது. எங்கள் கொல்லை அது இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. "அணைங்க! அணைங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். எதை அணைப்பது, யார் அணைப்பது?

மரக்கிளை முறிகிறதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வடக்கு முகட்டில் கடைசி வீடு குப்பனுடையது. அவருடைய சரிவில் சாமை விதைக்கக் காடு வெட்டிக் கொளுத்தியிருந்தார்கள். மேலிருந்து பார்க்க அந்த மொட்டை இடம் மட்டமாகத்தான் தெரிந்திருக்கும். முழுக்கக் கட்டையும் குண்டுக்கல்லும். நாங்கள் மூச்சு வாங்க ஏறிப் போனபோது குப்பன் தலையில் அடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"எங்க பொகையப் பாத்துதான் வந்தாரும்மா. நேரா எங்க பொகைக்குத்தான் வந்தாரு. நாங்க கையெல்லாம் காட்டினோம். வாங்க வாங்கன்னு கூப்பிட்டோம்..."

கலீலுக்கு உயிர் இல்லை. சட்டமெல்லாம் சுள்ளியாகிக் கிடந்தது. துணி மட்டும் முழுசாக அவர்மேல் மூடியிருந்தது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

எங்கள் ஊரில் அடக்கம் செய்தோம். நான் அண்ணன் வீட்டில் இத்தா இருந்தேன். நாலு மாதம் பத்து நாள், வாசலைத் தாண்டாமல். சித்திரையில் மாதம்மாள் ஒரு மூட்டை புளியுடன் என்னைப் பார்க்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்கள சும்மா வுடலக்கா" என்றாள்.

"யார?"

"கோவிந்தன் வூட்ட. அன்னிக்கி அவங்க மட்டும் பொகை போடல. இருவத்தோரு வூட்ல இருவது பொகை. நான் எண்ணிப் பாத்தேன். அதனாலதான் பாயி வரல. ஊர்ல தள்ளி வெச்சிட்டாங்க. நெருப்பு இல்ல, தண்ணி இல்ல. ஊரு கெணத்துல அவன் பொஞ்சாதி கொடத்த வெக்கக் கூடாது."

"அந்த நீலாவதிக்கு அப்பதானே புள்ள பொறந்துச்சி?"

"எட்டு நாளு. புருசன் கலசப்பாக்கம் சந்தைக்குப் போயிருந்தான். இருக்கட்டுமே. நாலு தழைய அடுப்புல போட எவ்ளோ நேரம்? ஓடைக்கிப் போயி தண்ணி மோந்துக்கினு வர்றா இப்ப. வரட்டும்."

பச்சைப் பிள்ளையோடு பாறை பாறையாக இறங்கித் தண்ணீர் எடுக்கிறாள் ஒருத்தி. அவள் வீட்டில் அன்றைக்குப் புகை வராததுதான் கலீலுக்கு நடந்த ஒரே நல்ல காரியம். அதை மாதம்மாளிடம் எப்படிச் சொல்வது? உங்கள் இருபதும்தான் அவரைக் கொன்றது, நான்தான் போடச் சொன்னேன் என்று. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தா முடிந்த மறுவாரம், ஆனி மாதம், அமீர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். பஸ்ஸில் போகும்போது உண்மையைச் சொல்வது என்றுதான் முடிவு செய்திருந்தேன். நான் கேட்டதும் ஊர்ப் பெரியவரான ஊர்க் கவுண்டர் கோபால்சாமி பஞ்சாயத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார். லட்சுமணன் கொல்லையிலேயே கூடினார்கள். சாமை விதைத்து முளை வந்திருந்ததால் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். கோவிந்தனும் நீலாவதியும் தள்ளி, வெயிலில் நின்றார்கள். அவள் இடுப்பில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க பாயம்மா" என்றார் கவுண்டர்.

நான் வாயைத் திறந்தேன். குப்பன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கலீல் விழுந்த இடத்தில் நாலு கல் நட்டு அவர் தினமும் விளக்கு வைக்கிறார் என்று லட்சுமணன் வழியில் சொல்லியிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். அவர் பக்கத்தில் மாதம்மாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்காகப் பேச அவளே எழுந்துவிடுவாள்போல.

"நீலாவதி மேல குத்தம் இல்லீங்க" என்றேன். "அவங்க வூட்ல போட வேணாம்னு நாந்தான் அன்னிக்கிச் சொல்லி அனுப்பினேன். பச்சப் புள்ள கீற வூடு. பொகை ஆவாதுன்னு நாந்தான் சொன்னேன்."

அமீர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களா?" என்றார் கவுண்டர்.

"நாந்தாங்க."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொஞ்சாதியே வேணாம்னுட்டா அப்பால வூட்டுக்காரங்கள சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். "கெணத்துல கொடம் வெக்கட்டும். எந்திரிங்கப்பா."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். குப்பன் மட்டும் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மாதம்மாள் என் எதிரே வந்து நின்றாள்.

"நீயாக்கா சொன்ன?"

"ஆமா."

"நான் உங்கூடவேதானே இருந்தேன். எப்பச் சொன்ன?"

"நீ தழை ஒடிக்கப் போனப்ப."

"ஒரு வூடுகூட வுடக் கூடாதுன்னு உங்கிட்ட சொல்லியிருந்தனே. சொல்லியிருந்தனா இல்லியா?"

"சொல்லியிருந்த."

"அப்பறம் ஏங்க்கா? ஏன் அப்டி பண்ண? வந்திருப்பாரே."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்று அவள் எனக்குச் சோறு போடவில்லை. அதற்கப்புறம் என் வீட்டுக்கு வரவும் இல்லை. லட்சுமணன் வருவார், புளி கொடுப்பார், அவளைப் பற்றிக் கேட்டால் "இருக்கா" என்பார். போன ஐப்பசியில் இறந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார். அவள் போனபிறகுதான் இதை எழுத என்னால் முடிந்தது.

பஞ்சாயத்து கூடிய அன்று நானும் அண்ணனும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நீலாவதி பின்னால் ஓடிவந்தாள். அண்ணன் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லி அனுப்பலியே பாயம்மா" என்றாள் மெதுவாக.

"இல்ல."

"பொகை போடணும்னு எந்திரிச்சேன். தலை சுத்தி அடுப்பாண்டயே வுழுந்துட்டேன். யாரும் நம்பல."

"வுடு. புள்ளைக்கு இன்னா பேரு?"

"இன்னும் வெக்கல. தள்ளி வெச்ச வூட்ல யாரு வந்து பேரு வெப்பாங்க?"

"இனிமே வருவாங்க" என்றேன். பிள்ளை முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

பஸ் வந்தது. முதல் வளைவு திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெல்லிமேட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. யார் எதற்குப் போட்டார்களோ தெரியாது. என் விரல் தன்னால் எண்ணத் தொடங்கி, ஒன்றோடு நின்றது. ஒரே ஒரு புகை. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எந்த இடம் என்று தெரிந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறது என்றும் தெரிந்தது.